என் காலை நம்பிய சட்டம்

முப்பத்திரண்டு வயதில் பணி ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன நோவு?" என்று கேட்கிறார்கள். நோவு ஒன்றுமில்லை. நான் பார்த்த வேலையை இப்போது ஓர் இயந்திரம் பார்க்கிறது. அதை வரவழைத்தவளும் நானேதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சொல்லப்போனால் பெருமைதான்.

இப்போது பொந்தியானில் ஒரு தொழிற்கல்லூரியில் வாகனப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கார் எவ்ளோ பெட்ரோல் எண்ணெ குடிக்கும்னு அரசாங்கமே டெஸ்ட் பண்ணி கண்ணாடில ஒட்டுறாங்க. அந்த நம்பர் தப்பா இருக்குமா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிற பதிலும் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அந்தோணி செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை லாரி ஓட்டினார். அம்மா அதே தோட்டத்தில் உரம் போட்டார். நான் பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் படித்தேன். ஜொகூர் பாருவுக்கு வெளியே, தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தனியார் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலம் முழுவதும் கார்களின் சக்கரத்தில் காற்று பார்த்ததும் குழாய் மாட்டியதும்தான். ஒருநாள் சோதனை ஓட்டுநருக்குக் காய்ச்சல். மாற்று ஆளாக உட்கார்ந்தவள் ஒன்பது ஆண்டுகள் அந்த இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு வரும் கார் முதலில் குளிரூட்டிய அறையில் ஓர் இரவு சும்மா நிற்கும். என்ஜின், எண்ணெய், டயர் எல்லாம் அறையின் சூட்டுக்கு வந்தாக வேண்டும். காலையில் அதை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆளுக்கொரு பக்கம் கை வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் உருளைகள் மேல் ஏற்றுவோம். தரையில் பதித்த பெரிய இரும்பு உருளைகள் அவை. கார் அவற்றின் மேல் ஓடும், ஆனால் நகராது. நான்கு மூலையிலும் பட்டை போட்டுக் கட்டுவோம். முன்னால் ஒரு பெரிய விசிறி. பின்னால் புகைக் குழாயில் ஒரு குழாய். வெளியேறும் புகையின் ஒரு பங்கு அதன் வழியாகப் பைகளில் சேரும். அந்தப் புகையில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளந்து, எவ்வளவு பெட்ரோல் எரிந்திருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். டாங்கியில் குறைந்த பெட்ரோலை யாரும் அளப்பதில்லை.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எண்ணெ எவ்ளோ கொறஞ்சிச்சின்னு பாக்க மாட்டீங்க. பொகைய மோந்து பாத்து சொல்லுவீங்க?"

"மோந்து பாக்கலப்பா, மெஷின் அளக்குது."

"சரி, மெஷினு மோந்து பாக்குது. ஏர்கான் போட்டிருப்பீங்கல்ல?"

"இல்லப்பா. ஏர்கான் ஆஃப் பண்ணிதான் ஓட்டணும். அதுதான் முறை."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, ஒம் மக கவர்மெண்டுக்கு வேல செய்றா. ஜொகூர்ல ஏர்கான் இல்லாம கார் ஓட்றவங்கள கண்டுபிடிச்சி, அவுங்களுக்காக டெஸ்ட் பண்றா."

அன்று நான் கோபப்பட்டேன். முறை என்றால் முறைதானே, எல்லாக் காரையும் ஒரே மாதிரி அளந்தால் போதாதா என்று வாதாடினேன். ஆனால் அந்தக் கேள்வி என் கூடவே கூடத்துக்கு வந்துவிட்டது.

ஓட்டுநரின் வேலைக்கு வருகிறேன். இருக்கைக்கு எதிரில் ஒரு திரை. அதில் ஒரு கோடு வலமிருந்து இடமாக ஊர்ந்து வரும். ஏறினால் வேகம் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும், படுத்தால் அப்படியே போக வேண்டும். கோட்டின் மேலும் கீழும் இரண்டு மெல்லிய எல்லைகள். கார் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி எல்லைகளுக்குள் இருக்கும்வரை சோதனை செல்லும். வெளியே போய்விட்டால், மறுபடி ஓர் இரவு குளிர் அறை.

எல்லைகளுக்குள்ளே எங்கே இருக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். கோடு ஏறும்போது கீழ் எல்லையை ஒட்டிப் போகலாம். இறங்கப் போகிறது என்று தெரிந்தால் ஒரு கணம் முன்பே காலை எடுத்துவிடலாம். நடுவில் பெடல் நடுங்கக் கூடாது. பெடல் நடுங்கினால் பெட்ரோல் வீணாகும். கூடத்தின் தடித்த பாதுகாப்புச் சப்பாத்தில் எனக்குப் பெடல் தெரியவில்லை. பொந்தியான் கடைத்தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைத் துணிச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி, காருக்குள் ஏறும்போது மட்டும் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் ஓட்டினாலும் வராத எண் எனக்கு வந்தது. ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் எல்லைக்குள்.

கூடத்தின் இன்னொரு ஓட்டுநர் முரளி. மெர்சிங் மீனவக் குடும்பம், என் வயதுதான். அவனுடைய கால் கனமானது. "ஒங்கால் பட்டு, எங்கால் கட்ட" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஆராய்ச்சிக்காக ஓட்டும் சோதனைகள் அவனுக்கு. சான்றிதழுக்கான சோதனைகள் எனக்கு. யாரும் உத்தரவு போடவில்லை, வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர்களே போன் செய்து, "அந்த வெள்ளைச் சப்பாத்துப் பெண் இருக்கிற நாளாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்பார்கள்.

எங்கள் மேலாளர் தேவசகாயம். தேவா சார் என்போம். காலையில் வந்ததும் கைப்பேசியை அணைத்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடுவார். ஒவ்வொரு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கார்க் கண்ணாடியில் விரல் தடம் இருந்தால் தானே துடைப்பார். பிறகு கதவருகே நின்று, "இன்னைக்கு யார் கால்?" என்று கேட்பார். யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார். "ரோஸி, சார்" என்று நான் சொன்ன பிறகுதான் உருளைகள் சுழலும்.

முடிவு வந்ததும் எண்ணைச் சத்தமாக வாசிப்பார், தசமப் புள்ளிக்குப் பிறகு உள்ள கடைசி இலக்கம் வரை. பாராட்ட மாட்டார், "போதும்" என்பார். ஒருமுறை முரளி ஒரு முடிவைப் பார்த்து, "ஏறக்குறைய போன தடவ மாதிரியே இருக்கு சார்" என்றான்.

"முரளி, வெளிய போய் ஏறக்குறையன்னு எவ்ளோ வேணாலும் சொல்லிக்க. டீ ஏறக்குறைய சூடா இருக்கலாம். இந்த ரூமுக்குள்ள அந்த வார்த்த கெடையாது."

அவருக்கு அந்த எண் வேதம். நானும் அப்படித்தான் இருந்தேன், அந்தச் சின்னக் கார் வரும்வரை.

அப்போது புதுக் கார்களுக்கு எரிபொருள் சிக்கனத் தரம் ஒன்றைக் கட்டாயமாக்க ஒரு வரைவு வந்திருந்தது. காரின் எடையை வைத்துப் படிப்படியாக வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கோடு, இதற்கு மேல் பெட்ரோல் குடிக்கக் கூடாது என்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் தேர்ச்சி, அந்தப் பக்கம் போனால் அபராத வரி. ஒரு சோதனை, ஓர் எண், ஒரு கோடு.

சின்னக் கார் ஒரு நிறுவனத்தின் மிக எளிய மாடல். மெனுவல் கியர், துணி இருக்கை, அலங்காரம் எதுவும் இல்லை. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து முதல்முறையாகப் புதுக் கார் வாங்கும் குடும்பங்களுக்கு எட்டக்கூடிய ஒரே வண்டி. அப்பாவும் அதற்காகத்தான் காத்திருந்தார். வாழ்நாளெல்லாம் தோட்டத்து லாரியும் பழைய மோட்டார் சைக்கிளும் ஓட்டியவர், கடையில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து வெள்ளையா சாம்பலா என்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

முன்னோட்டச் சோதனையை முரளி ஓட்டினான். கார் கோட்டுக்கு மயிரிழை அந்தப் பக்கம் விழுந்தது. நான் ஓட்டினேன். மயிரிழை இந்தப் பக்கம் வந்தது. அதே கார், அதே பெட்ரோல், அதே அறை.

நிறுவனத்தின் ஆள் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மிஸ் ரோஸி, எங்க காரைக் காப்பாத்திட்டீங்க. பெயில் ஆகியிருந்தா இந்த மாடலையே விட்டுடறதா மேலிடத்துல முடிவு. வரிய போட்டு வித்தா யாரு வாங்குவா?"

அவர் போன பிறகு நான் சப்பாத்தைக் கழற்றாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்கு நெஞ்சு நிமிரும். அன்று நிமிரவில்லை. காரின் சிக்கனத்தை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ரோஸியின் காலை அளந்திருக்கிறோம். இதை வைத்து ஒரு வண்டி சந்தையில் இருக்கலாமா கூடாதா என்று சட்டம் தீர்மானிக்கப் போகிறது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்பாவின் கார் இல்லை.

தேவா சாரிடம் போனேன்.

"சார், முரளிக்கும் எனக்கும் இருக்கிற வித்தியாசம் இந்தக் கோட்ட விடப் பெரிசா இருக்கு."

"ரெண்டு பேரும் எல்லைக்குள்ளதான ஓட்டுனீங்க?"

"ஆமா சார். அதான் பிரச்னை. ரெண்டுமே சரி. ஒண்ணு பாஸ், ஒண்ணு பெயில்."

"அப்ப ஒங்கால் நல்ல கால். அவன் கால் மோசமான கால்."

"சட்டத்துல ரோஸி கால்னு எழுதியிருக்கா சார்?"

 அவர் கார்க் கண்ணாடியில் இல்லாத விரல் தடத்தைத் துடைத்தார். பிறகு, "சட்டம் போடறவங்க முட்டாளு இல்ல, ரோஸி" என்றார்.

"முட்டாளுன்னு சொல்லல சார். அவுங்க நம்ம நம்பர நம்புறாங்க. நாமதான் ஏறக்குறையன்னு ஒரு வார்த்த சொல்லாம அனுப்புறோம்."

அந்தச் சொல்லை அந்த அறையில் சொன்னதற்கு வெளியே அனுப்பப்படுவேன் என்று நினைத்தேன். அவர் டின்னைத் திறந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு தானே வெளியே போய்விட்டார்.

வரைவு சட்டமாகும் முன் கூடங்களைப் பார்த்துவர ஓர் அதிகாரி வந்தார். புவான் சல்மா. ஐம்பது வயது இருக்கும், மென்மையான குரல், எதையும் இரண்டு முறை கேட்கும் பழக்கம். மலாயில்தான் பேசினார், நாங்களும் 'அம்மையார்' என்று பொருள்படும் 'புவான்' என்றே அழைத்தோம். அவருக்குக் காட்டுவதற்காக அதே சின்னக் காரை வைத்திருந்தோம். நிறுவனத்தின் ஆளும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தேவா சார் டயர்களைத் தொட்டார். "இன்னைக்கு யார் கால்?"

"ரோஸி, சார்."

ஓட்டினேன். தேர்ச்சி. நிறுவனத்தின் ஆள் கையைத் தளர்த்தினார். தேவா சார் எண்ணை வாசித்து முடித்தார். புவான் சல்மா குறித்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்: "ஏன் யார் கால் என்று கேட்டீர்கள்? கால் மாறினால் எண் மாறுமா?"

 தேவா சார் 'கொஞ்சம்' என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் கடைசி இலக்கத்தைக்கூட விழுங்காத மனிதர் அவர்.

"மாறும், புவான்."

"எவ்வளவு மாறும்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ரோஸி, நீ சொல்றியா, காட்டுறியா?"

"காட்டுறேன் சார். ஆனா முரளி வேணாம். அவன் ஓட்டுனா கால் சரியில்லன்னு சொல்லிருவாங்க. ரெண்டையும் நானே ஓட்டணும்."

நிறுவனத்தின் ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ் ரோஸி, பாஸ் ஆன கார் இது. எதுக்கு லா இந்த வேல? நாளைக்கு பெயில் ஆச்சின்னா அவங்க அதத்தான் எழுதிக்கிட்டுப் போவாங்க. எங்க வேலையெல்லாம் இந்தக் கூடத்துக்கு வராது. ஒங்க பாஸ்கிட்ட கேட்டுப் பாருங்க."

அவர் சொன்னது மிரட்டல் அல்ல, நடக்கக்கூடியது. கார் போகும், வாடிக்கையாளர் போவார், பின்னாலேயே என் வேலையும் போகும். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, நாளைக்கு நான் செய்யப் போவதைச் சொன்னேன்.

"அப்ப எங்காடிய, நான் பாத்து வெச்ச கார, நீயே பெயில் ஆக்கப் போற?"

"ஆமாப்பா."

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு, "ஏர்கான் போட்டுட்டு ஆக்கு. அப்பவாச்சும் நெசமா இருக்கும்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை காரைத் தள்ளிக்கொண்டுபோய் ஏற்றினோம். நான் வெள்ளைச் சப்பாத்தைப் போடவில்லை. தடித்த பாதுகாப்புச் சப்பாத்தோடு ஏறினேன். ஓட்டியது மோசமான ஓட்டம் அல்ல. ஜொகூர் பாருவில் அலுவலகம் போகும் எந்த மனிதரும் ஓட்டுவது போல ஓட்டினேன். கோடு ஏறும்போது கொஞ்சம் முந்தி, இறங்கும்போது கொஞ்சம் பிந்தி. புள்ளி ஒருமுறைகூட எல்லையைத் தாண்டவில்லை. புவான் சல்மா திரைக்குப் பக்கத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்தார்.

தேவா சார் எண்ணை வாசித்தார். பெயில்.

"இரண்டில் எது உண்மை?" என்று கேட்டார் புவான் சல்மா.

"இரண்டும் உண்மை, புவான்" என்றேன். "காரும் மாறவில்லை, விதியும் மீறப்படவில்லை. கோடுதான் எங்கள் அளவுக்கு மீறி மெல்லிசாக இருக்கிறது. எங்களால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்த மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறோம்."

அவர் இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தார். அதற்குள் முரளி வாயைத் திறந்தான். "எதுக்கு கவல? ரெண்டு மூட்ட அரிசிய பின்னால போட்ருவோம். வெயிட்டு ஏறுனா அடுத்த வகுப்பு. அங்க கோடு தாராளமா இருக்கு. பாஸ் ஆயிரும்."

நான் சிரித்துவிட்டேன். புவான் சல்மா என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சுமை கணக்கில் வராது. காரின் சொந்த எடைதான் கணக்கு" என்று தேவா சார் திருத்தினார்.

"அப்ப சீட்ட கனமா போட்டா சார்?" என்றான் முரளி. "தர விரிப்ப ரெண்டு மடிப்பா போட்டா? அதெல்லாம் காரோட சொந்த வெயிட்டுதான?"

 நிறுவனத்தின் ஆள் மெதுவாக, மலாயில், "இருக்கையையும் விரிப்பையும் கனமாக்குவது பற்றி எங்கள் பொறியாளர்கள் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள், புவான்" என்றார். மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

"உருளைகளில் அந்த எடையை அமைக்க முடியுமா?" என்று கேட்டார் புவான் சல்மா.

மூன்றாம் நாளும் அவர் தங்கினார். உருளைகளை அடுத்த வகுப்பின் எடைக்கு அமைத்தோம்; காரின் எடைக்கேற்ற பாரத்தை உருளைகளின் இழுவைதான் கொடுக்கும். வெள்ளைச் சப்பாத்து வேண்டாம், நேற்றைய கால்தான் வேண்டும் என்றார். அதே காலோடு, அதே காரைக் கனமாக்கி ஓட்டினேன். முடிவு வந்தது. முதல் இரண்டு நாளையும்விட அதிகமாகப் பெட்ரோல் குடித்திருந்தது. தாராளமாகத் தேர்ச்சி.

தேவா சார் அந்த எண்ணை வாசித்தபோது குரல் கடைசி இலக்கத்தில் தடுமாறியது. முரளி சிரிப்பை மறைக்க, பைகளைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புவான் சல்மா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"பெட்ரோலை மிச்சப்படுத்த ஒரு சட்டம் எழுதினோம்" என்றார். "அதற்குக் காரைக் கனமாக்கச் சொல்லியிருக்கிறோம்."

எனக்கு அந்த நிமிடத்தில் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை. ஆனால் அன்று மதியம் கேண்டீனில் இரண்டு தட்டு மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டேன். ஒன்று முரளியுடையது.

பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்கு நான் எதிரி அல்ல. லாரி ஓட்டியவரின் மகளுக்கு ஒரு சொட்டின் அருமை தெரியும். ஆனால் ஓர் எண்ணைக் கண்ணாடியில் ஒட்டி, அதை வைத்து ஒரு குடும்பம் எந்தக் காரை வாங்கலாம் என்று தீர்மானிக்கும்போது, அந்த எண் எப்படிப் பிறந்தது என்று யாராவது கேட்டாக வேண்டும். ஏர்கானை அணைத்து, குளிர் அறையில் ஊறவைத்து, பட்டுக் காலால் ஓட்டி எடுத்த எண் அது. முத்திரை குத்தினால் மட்டும் அது துல்லியமாகிவிடாது. என் மாணவிக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: எண் பொய்யில்லை. அதற்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்ததுதான் தப்பு.

சில மாதங்களில் திருத்திய வரைவு வந்தது. எடைப் படிகளை எடுத்துவிட்டு ஒரே சரிவாக்கியிருந்தார்கள், கனத்தைக் கூட்டித் தாவிக் குதிக்க வழியில்லை. பெடலை மனிதக் கால் மிதிக்கக் கூடாது, இயந்திரம் மிதிக்க வேண்டும். ஒரு சோதனை போதாது, பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். எண்ணோடு அதன் தடுமாற்றத்தையும், அதாவது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அந்தத் தடுமாற்றத்துக்குள் விழும் காரை பெயில் என்று சொல்லக் கூடாது. ஏர்கானைப் பற்றி இன்னும் ஒன்றுமில்லை. அதற்கு என் மாணவிகளில் ஒருத்தி சண்டை போடட்டும்.

அப்பாவிடம் இப்போது அந்தக் கார் இருக்கிறது. சாம்பல் நிறம், அம்மா ஜெயித்துவிட்டார். ஏர்கானை முழு வேகத்தில் வைத்து மெர்சிங் வரை போய் வருகிறார்கள். கண்ணாடியில் ஒட்டிய எண்ணைவிட அதிகமாகத்தான் குடிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வெற்றிக் குரலில் எனக்குப் போன் வரும்.

பெடல் இயந்திரம் எங்கள் கூடத்துக்கு வந்த முதல் நாள்தான் என் கடைசி நாள். மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆனால் அந்த முதல் ஓட்டத்தைப் பார்க்காமல் போக மனமில்லை. சின்னக் காரின் இருக்கையில், நான் உட்கார்ந்த இடத்தில், மூன்று இரும்புக் கம்பிகள் பெடல்களை நோக்கி நீண்டிருந்தன.

தேவா சார் கைப்பேசியை டின்னில் போட்டார். நான்கு டயரையும் புறங்கையால் தொட்டார். கதவருகே நின்றார். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"இன்னைக்கு யார் கால்?"

"காலே இல்ல சார்" என்றான் முரளி. "கம்பிதான்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஒன்பது ஆண்டுகளில் நான் பார்த்திராத காட்சி. உருளைகள் சுழன்றன. இயந்திரம் கோட்டின் நடுவிலேயே போனது. கீழ் எல்லையை ஒட்டவில்லை, மேல் எல்லையைத் தொடவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் ஓட்டியாக வேண்டும் என்பதால் அன்று வந்தது முதல் எண் மட்டும்தான். என் வெள்ளைச் சப்பாத்து எண்ணுக்கும் தடித்த சப்பாத்து எண்ணுக்கும் இடையில் அது விழுந்திருந்தது.

தேவா சார் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சத்தமாக வாசித்தார், கடைசி இலக்கம் வரை. 'போதும்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தாளை மடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏறக்குறைய" என்றார்.